மூன்று வாசல் வைத்த இஃப்

இஃப் (ஐ - ஐவால்) 110, 120, 130

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. எங்கள் குழுவில் டர்பைன் பிளேடுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும் ஒரு பழைய நிரல் இருக்கிறது, ஃபோர்ட்ரான் என்ற அறிவியல் கணக்குகளுக்கான நிரல்மொழியில் எழுதியது. எழுபதுகளின் கடைசியில் யாரோ எழுதி, கைமாறிக் கைமாறி, இப்போது என் தலையில் வந்து நிற்கிறது. போன மாதம் புதிய கம்பைலருக்கு (நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) மாறினோம். கட்டளையைத் தட்டியதும் திரை நிறைய எச்சரிக்கை: இது ஃபோர்ட்ரான் 2018-இல் நீக்கப்பட்ட அம்சம், இது நீக்கப்பட்ட அம்சம், இதுவும் நீக்கப்பட்ட அம்சம். எல்லாமே மேலே இருக்கும் வரியைப் போன்றவை, இருநூற்றுச் சொச்சம் இருந்தன.

பக்கத்து இருக்கையில் மதுரைப் பையன் ஒருவன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல தென், எல்ஸ் எதையுமே காணோமே, மூணு நம்பர் மட்டும் இருக்கு?" என்றான். இன்றைய இஃப்பில் நிபந்தனை உண்மையென்றால் தென், பொய்யென்றால் எல்ஸ் என்று இரண்டே வழி. அடைப்புக்குள் இருப்பதைக் கணக்குப் போடு, விடை மைனஸில் வந்தால் 110-ஆம் எண் வரிக்குப் போ, பூஜ்யம் என்றால் 120-க்கு, பிளஸ் என்றால் 130-க்கு, அவ்வளவுதான் என்றேன். இதற்கு அரித்மெடிக் இஃப் என்று பெயர். "உண்மை, பொய் ரெண்டுதானே இருக்கும், மூணாவது எங்கிருந்து வந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் குழுவில் பேச்சு. எனக்கு மனது ஒப்பவில்லை. ஒருத்தர் மூன்று வாசல் வைத்து வீடு கட்டியிருக்கிறார் என்றால், ஏன் என்று தெரியாமல் ஒன்றை அடைப்பது சரியாகப் படவில்லை.

அந்த சனிக்கிழமை அல்சூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். (மெட்ரோ பலகையில் ஹலசூரு, எங்களுக்கு எப்போதும் அல்சூர்தான்.) பெரியப்பா பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர், நிரலை அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்த பஞ்ச் கார்டு காலத்தில் ஃபோர்ட்ரான் எழுதியவர். அவர் அலமாரியில் ராஜாராமன் எழுதிய ஃபோர்ட்ரான் பாடநூல் இன்னும் இருக்கிறது, முதுகில் பசை விட்டுப்போய் நூலால் கட்டி வைத்திருக்கிறார். ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் ஐஐடி கான்பூரிலும், அப்புறம் எங்கள் ஊர் இந்திய அறிவியல் கழகத்திலும் சொல்லிக் கொடுத்தவர். கான்பூருக்கு ஐபிஎம் 1620 கணினி 1963-இல் வந்தது. அங்கிருந்து தொடங்கி இந்தியாவில் ஒரு தலைமுறையே அவர் புத்தகங்களை வைத்துத்தான் நிரல் எழுதப் பழகியது. பெரியப்பாவும் அதில் ஒருவர்.

வரியைத் தாளில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பதில் சொல்லாமல் பென்சிலை எடுத்து ஒரு டயமண்ட் வரைந்தார், ஃப்ளோசார்ட்டில் முடிவெடுக்கும் இடத்துக்குப் போடுவோமே, அது. "ஏம்மா, இதுக்கு எத்தனை மூலை?"

"நாலு."

"மேல் மூலையில உள்ளே வந்துட்ட. வெளியே போக எத்தனை மிச்சம்?"

இடது மூலையில் ஒரு கழித்தல் குறி, கீழே பூஜ்யம், வலது மூலையில் ஒரு கூட்டல் குறி என்று போட்டார். மூன்று வாசலுக்கும் மூன்று மூலை. நான் இத்தனை வருடம் டயமண்டுக்கு ஆம், இல்லை என்று இரண்டு கோடுதான் இழுத்திருக்கிறேன், மூன்றாவது மூலை சும்மா கிடப்பதைக் கவனித்ததே இல்லை. அவர்கள் முதலில் படம் போட்டு, அப்புறம் அந்தப் படத்தைத்தான் கார்டில் பஞ்ச் செய்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு கோ டூ, அதாவது இந்த எண் வரிக்குத் தாவு என்கிற கட்டளை. நிரல் என்றால் அவர்களுக்கு மேலிருந்து கீழே படிக்கிற உரை இல்லை, விரலை வைத்துத் தொடர்ந்து போகிற வரைபடம். இது புரிந்த பிறகு அந்தப் பழைய நிரலை நான் படிக்கிற விதமே மாறிப்போனது.

ஆனால் மூன்று வாசல் ஃப்ளோசார்ட்டிலிருந்து மட்டும் வந்ததில்லை. அதற்கு 1953-க்குப் போகவேண்டும். ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் என்ற இளைஞர், 29 வயது, அந்த ஆண்டின் கடைசியில் தன் மேலதிகாரி கத்பர்ட் ஹர்டுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒரு கணினி மையத்தில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஆகும் செலவு கணினிக்கு ஆகும் செலவுக்குக் குறையாமல் இருக்கிறது, அதற்கு மேல் கணினியின் நேரத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை பிழை தேடுவதிலேயே போகிறது, இதைக் குறைக்கவேண்டும் என்பதுதான் அவருடைய வாதம். அனுமதி கிடைத்தது, ஃபோர்ட்ரான் வேலை தொடங்கியது. குறி வைத்த எந்திரம் ஐபிஎம் 704. எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் ஆறு மாதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். வடிவமைப்பு அறிக்கை 1954 நவம்பரில் வந்தது, கையேடு 1956 அக்டோபரில், கம்பைலர் வாடிக்கையாளர்கள் கைக்குப் போனது 1957 ஏப்ரலில்.

அந்த 1954 அறிக்கையில் இருந்த இஃப்பைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் மூன்று வாசல் இல்லை! இஃப் (400 >= ஒய்) 8, 4 என்கிற மாதிரி எழுதலாம். ஒப்பீடு உண்மையென்றால் 8-க்கு, பொய்யென்றால் 4-க்கு. இன்றைக்கு நாம் எழுதும் இஃப்புக்கு எவ்வளவு பக்கம்! டூ லூப்பும் அப்போது வேறு மாதிரி இருந்தது: டூ 3, 8, 11 ஜே = 1, 11 என்று மூன்று எண் கொடுக்கவேண்டும், 3 முதல் 8 வரை உள்ள வரிகளைத் திரும்பத் திரும்பச் செய், முடிந்ததும் 11-க்குப் போ என்று அர்த்தம். அதாவது லூப்பின் உடம்பு லூப்புக்குக் கீழேயேதான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூடத் தாளில் இல்லை. 1957-இல் கம்பைலராக வெளிவந்தபோது டூவுக்கு ஒரே எண்தான், உடம்பு அடுத்த வரியிலிருந்து அந்த எண் வரை. இஃப்போ ஒப்பீட்டுக் குறியை விட்டுவிட்டு, கழித்துப் பார்த்து மூன்று வாசலுக்குப் போகிறதாக மாறியிருந்தது.

ஏன் மாறியது என்று யோசித்தால், கார்டு பஞ்ச் எந்திரத்தில் இருந்தவை 48 எழுத்துக்கள்தான், அதில் பெரிது, சிறிது குறிகளே கிடையாது. பின்னால் 1962-இல் ஃபோர்ட்ரான் 4, உண்மையா பொய்யா என்று கேட்கும் லாஜிக்கல் இஃப்பைக் கொண்டுவந்தபோது பெரிது, சிறிது என்பதை .ஜிடி. .எல்டி. என்று இரண்டு பக்கமும் புள்ளி வைத்து எழுதவேண்டி வந்ததும் இதனால்தான். அப்புறம் 704 எந்திரத்தைப் பாருங்கள். அதில் சிஏஎஸ் என்று ஒரு கட்டளை: அக்யுமுலேட்டரில் (கணக்கின் விடை நிற்கும் இடம்) இருப்பதையும் நினைவகத்தில் இருப்பதையும் ஒப்பிடும், பெரிதாக இருந்தால் அடுத்த கட்டளை, சமமாக இருந்தால் ஒன்றைத் தாண்டி அடுத்தது, சிறிதாக இருந்தால் இரண்டைத் தாண்டி அடுத்தது. இரும்பிலேயே மூன்று வழி. பூஜ்யமா என்று பார்த்துத் தாவ ஒரு கட்டளை, மைனஸா பிளஸா என்று பார்த்துத் தாவத் தனித்தனிக் கட்டளைகள். அந்த எந்திரத்தில் பழகிய ஒருவருக்கு உண்மையும் பொய்யும் ஒரு மதிப்பாகவே தோன்றியிருக்காது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு எண்ணும் அதன் குறியும்தான்.

இன்னும் சொன்னால் மதுரைப் பையன் நம்பவில்லை. 704-இன் முன்பலகையில் ஆறு சுவிட்சும் நான்கு விளக்கும் உண்டு. இஃப் சென்ஸ் சுவிட்ச், இஃப் சென்ஸ் லைட் என்று அவற்றைக் கேட்டுக் கிளை பிரியும் வாக்கியங்களே மொழியில் இருந்தன. ஆபரேட்டர் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் வேறு பாதையில் போகும். வகுத்தலில் தப்பு நேர்ந்ததா, அக்யுமுலேட்டர் நிரம்பி வழிந்ததா என்று கேட்கவும் தனித்தனி இஃப். மொழி வேறு எந்திரம் வேறு என்று நாம் இப்போது பிரித்துப் பேசுகிறோம், 1957-இல் அந்தக் கோடு விழவே இல்லை.

எனக்கு அந்தக் குழுவில் ரொம்பப் பிடித்தவர் லோயிஸ் ஹேப்ட். வாசர் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்தவர். அந்தக் காலத்தில் கையால் அசெம்ப்ளி, அதாவது எந்திரத்தின் கட்டளைகளை ஒவ்வொன்றாக, எழுதுகிறவர்கள், ஒரு எந்திரம் தங்கள் அளவுக்கு நல்ல கோட் எழுதும் என்பதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அதனால் பேக்கஸ் குழுவுக்கு மொழி அழகாக வருவதைவிட, வெளியே வரும் கோட் வேகமாக ஓடுவதுதான் உயிர் மூச்சு. 704-இல் லூப்பின் சுற்றுகளை எண்ண உதவும் இண்டெக்ஸ் ரெஜிஸ்டர் மூன்றே மூன்று. எந்த லூப்புக்கு எதைக் கொடுப்பது? அடிக்கடி ஓடுகிற இடத்துக்குத்தான் கொடுக்கவேண்டும். எது அடிக்கடி ஓடும் என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் ஹேப்ட் எழுதிய பகுதி வருகிறது. நிரலைத் தாவல் இல்லாத துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் எந்தப் பக்கம் போகும் என்று தற்போக்கு எண்களை உருட்டிப் பார்த்து, கம்பைல் ஆகும்போதே நிரலைப் பொய்யாக ஓட்டி, எந்தத் துண்டு எத்தனை முறை வந்தது என்று எண்ணும். மான்டி கார்லோ முறை, 1950-களில், ஒரு கம்பைலருக்குள்! அதற்கு உதவியாக மொழியில் ஃப்ரீக்வென்ஸி என்று ஒரு வாக்கியம் வைத்தார்கள். இந்த இஃப்பின் மூன்று வாசலில் முதலாவதற்கு இத்தனை பங்கு, இரண்டாவதற்கு இத்தனை, மூன்றாவதற்கு இத்தனை என்று நிரல் எழுதுகிறவர் சொல்லி வைக்கலாம். அந்த வாக்கியம் பின்னால் வந்த பதிப்புகளில் காணாமல் போய்விட்டது. சி++ 2020 பதிப்பில் லைக்லி, அன்லைக்லி என்று கிளைக்குக் குறிப்பு எழுதுகிறோமே, அது இதேதான். அறுபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

சரி, டூ லூப். இதில்தான் நாங்கள் மூன்று நாள் மாட்டிக்கொண்டோம்.

பிளேடில் குளிர்காற்று போக ஓட்டைகள் இருக்கும். எங்கள் நிரலில் ஓட்டைகளின் எண்ணிக்கை என், அதை வைத்து டூ 120 ஐ = 1, என் என்று ஒரு லூப். ஓட்டையே இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கு உண்டு, அதில் என் பூஜ்யம். அதை ஓட்டினால் பழைய விடைக்கோப்போடு நான்காவது தசமத்தில் ஒத்துப்போகவில்லை. நான் மாற்றிய இஃப்களில்தான் தப்பு என்று முதல் இரண்டு நாள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன், 40, 40, 50 என்று இருந்ததை சிறிது-அல்லது-சமம் என்று எழுதாமல் வெறும் சிறிது என்று எழுதிவிட்டேனா என்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மூன்றாம் நாள்தான் லூப் பக்கம் பார்வை போனது. 1 முதல் 0 வரை என்றால் இன்றைய ஃபோர்ட்ரான் ஒரு தடவைகூட உள்ளே போகாது. பழைய ஃபோர்ட்ரான் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடும்!

இதற்கும் காரணம் 704-தான். லூப்பின் கடைசியில் வைக்க டிஐஎக்ஸ் என்று ஒரு கட்டளை அதில் உண்டு, இண்டெக்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து, இன்னும் மிச்சமிருந்தால் கழித்துக்கொண்டு மேலே தாவும், எல்லாம் ஒரே கட்டளையில். சோதனை கடைசியில் இருப்பதால் உடம்பு ஒரு முறையாவது ஓடிவிடும். 1966-இல் வந்த தரநிலை, தொடக்க மதிப்பு முடிவு மதிப்பைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்று மட்டும் சொன்னது, இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. ஆக, பெரும்பாலான கம்பைலர்கள் ஒரு முறை ஓட்டின, மக்கள் அதை நம்பி எழுதவும் செய்தார்கள். ஃபோர்ட்ரான் 77 வந்துதான், எத்தனை சுற்று என்று முதலிலேயே கணக்குப் போடு, பூஜ்யம் என்றால் உள்ளே போகாதே என்று தீர்த்துச் சொன்னது. சில கம்பைலர்களில் பழைய நிரல்களுக்காக ஒன்-ட்ரிப் என்றே ஒரு தேர்வு இன்றும் இருக்கிறது. அதைப் போட்டு ஓட்டினேன், நான்காவது தசமம் அச்சு அசலாகப் பொருந்தியது. அதாவது பழைய விடைதான் தப்பு, இல்லாத ஓட்டைக்கு ஒரு முறை காற்று விட்டிருக்கிறார்கள். அந்த விடைக்கோப்பைத்தான் இத்தனை வருடம் சரி என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டு வந்திருக்கிறோம்.

இஃப்புக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்த மூன்று வாசல் எரிச்சலிலிருந்து ஒரு பெரிய விஷயம் பிறந்தது. எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி 1957-58 வாக்கில் இதே 704-இல் ஃபோர்ட்ரானில் சதுரங்கக் காய் நகர்த்தலுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தார். இஃப் அவருக்கு ரொம்பத் தொல்லையாக இருந்தது. அதனால் எக்ஸ்இஃப் என்று சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொண்டார்: மூன்று மதிப்பு கொடுத்தால், முதலாவது பூஜ்யமா இல்லையா என்பதைப் பொறுத்து மற்ற இரண்டில் ஒன்றைத் திருப்பித் தரும். நிரல் சுருங்கியது, படிக்கவும் சுலபமானது. ஆனால் ஃபங்ஷன் என்பதால் உள்ளே போகும் முன் மூன்றையும் கணக்கிட்டாக வேண்டும், வேண்டாத கிளையையும் சேர்த்து. வேண்டியதை மட்டும் கணக்கிடுகிற ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்ததில் வந்ததுதான் கண்டிஷனல் எக்ஸ்பிரஷன். மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் மொழி அதன் மேல்தான் நிற்கிறது, அல்கால் 60 மொழியின் இஃப்-தென்-எல்ஸுக்கும் அதில் பங்கு உண்டு. மதுரைப் பையன் "காணோமே" என்று கேட்ட அந்த தென்னும் எல்ஸும், ஃபோர்ட்ரானில் இல்லாததைப் பார்த்துத் தவித்த ஒருவர் வழியாக வந்தவை. இதை அவனிடம் சொன்னபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஃபோர்ட்ரானுக்குள் எல்ஸ் வர ஃபோர்ட்ரான் 77 வரை காத்திருக்கவேண்டி இருந்தது. இடையில் 1968-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா கோ டூவை எதிர்த்து எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரிந்ததே. கோ டூ தீங்கானது என்கிற அதன் தலைப்பை வைத்தவர் அதை வெளியிட்ட இதழில் பொறுப்பில் இருந்த நிக்லாஸ் விர்த். அந்தக் கடிதத்தை வைத்து ஃபோர்ட்ரான்காரர்களைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அது பிடிப்பதில்லை. 1957-இல் அவர்கள் முன்னால் இருந்தது வெறும் முகவரிகளும் தாவல்களும். அதன் மேல் டூ என்று ஒரு லூப்பைக் கட்டி, உடம்பு எங்கே முடிகிறது என்று எண்ணால் குறித்ததே பெரிய காரியம்.

அரித்மெடிக் இஃப்பை 2018-இல் எடுத்ததற்கு வரி எண்கள் மட்டும் காரணம் இல்லை. 1985-இல் ஐஇஇஇ 754 என்ற தரநிலை வந்த பிறகு, மிதவைப் புள்ளி எண்களில் (கணினி தசம எண்களை வைத்துக்கொள்ளும் வடிவம்) நேன் என்று ஒன்று உண்டு, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருமே, அது. அது மைனஸும் இல்லை, பூஜ்யமும் இல்லை, பிளஸும் இல்லை. மூன்று வாசல் வீட்டில் அதற்கு வாசலே கிடையாது. நான்காவது மூலை வழியாகத்தான் உள்ளே வந்தோம், அது வழியாக வெளியே போக முடியாது. இதைப் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "எங்க காலத்துல அப்படி ஒண்ணு இல்லைம்மா, எந்திரம் நின்னுடும்" என்றார்.

இப்போது என் வரிக்கு வருகிறேன். இருநூற்றுச் சொச்சத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டு எண் ஒன்றாகத்தான் இருந்தது, 40, 40, 50 அல்லது 40, 50, 50. அதெல்லாம் இரண்டு வாசல் வீடுதான், கண்ணை மூடிக்கொண்டு இஃப்-எல்ஸ் ஆக்கலாம். மூன்றும் வெவ்வேறாக இருந்தவை பதினொன்று. அவற்றில் பத்தில் நடு வாசலுக்குள் போனால் ஒரு பிழைச் செய்தியை அச்சிட்டு நின்றுவிடும். மிச்சமிருந்தது ஐ - ஐவால். 110-இல் ஒரு சமன்பாடு, 120-இல் வேறு ஒன்று, 130-இல் இன்னொன்று. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்ததால் 120-ஐ 130-ஓடு சேர்த்துவிடலாம் என்று ஏற்கனவே ஒருவர் குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

அன்றைக்கு அல்சூரில் பெரியப்பா டயமண்ட் வரைந்துவிட்டு, "ஐவால்னா என்னம்மா?" என்று கேட்டார். பிளேடின் குறுக்கே கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் சுவர் எத்தனையாவது கட்டம் என்கிற எண் என்றேன். பென்சிலால் இடது மூலைப் பக்கம் இரும்பு என்றும், வலது மூலைப் பக்கம் காத்து என்றும் எழுதினார். கீழ் மூலையில் பென்சிலை வைத்தபடி என்னைப் பார்த்தார். இரும்புக்குள் வெப்பம் கடத்தலால் போகிறது, வெளியே சூடான வாயு ஓடுகிறது, சரியாகச் சுவர் மேல் இருக்கும் கட்டத்துக்கு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதைச் சமன்படுத்தவேண்டும். பூஜ்யம் என்பது சுவர். எழுதியவர் பெயர் நிரலில் எங்கும் இல்லை, ஆனால் அவர் இதை யோசித்துத்தான் மூன்று வாசல் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை அதை இஃப், எல்ஸ் இஃப், எல்ஸ் என்று மூன்று கிளையாகவே எழுதினேன். இரண்டும் முழு எண் என்பதால் நேன் பயமும் இல்லை. கழித்தலை எடுத்துவிட்டு நேரடியாக ஒப்பிட்டேன், ஒவ்வொரு கிளைக்கும் மேலே ஒரு கமெண்ட் வரி: உலோகம், சுவர், வாயு. 120-ஐச் சேர்த்துவிடலாம் என்ற குறிப்பை அழித்தேன். சோதனைக் கணக்குகள் எல்லாம் ஒத்துப்போயின, ஓட்டை இல்லாத அந்த ஒன்றைத் தவிர, அதற்குப் புதிய விடைக்கோப்பு இந்த வாரம் போடுகிறோம். பெரியப்பா வரைந்த தாளை என் மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன்.